மார்ச் கிளோசிங்குக்கு (பேங்க்ல வருஷக் கணக்க முடிக்கற வேலை) நடுவுல போட்டிக்கு ஓடறவங்களுக்கு: கார்மின் ஃபோர்ரன்னர் 255எஸ் ஓட்ட வாட்ச், ஒன்றரை வருஷம் கட்டிப் பாத்துட்டு எழுதறேன்

காலைல 4:15க்கு மணிக்கட்டுல ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான், நான் எந்திரிச்சிருவேன், பக்கத்துல படுத்திருக்கற பொண்ணும் முழிக்க மாட்டா, அவங்கப்பாவும் முழிக்க மாட்டாரு. இந்த வாட்ச்ச பத்தி யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதத்தான். முன்னாடி ஃபோன்ல அலாரம் வெச்சிருந்தப்போ அடிச்ச உடனே பாய்ஞ்சு அணைக்கணும், அப்படியும் பொண்ணு புரண்டு படுத்து "இன்னும் கொஞ்ச நேரம் படும்மா"ன்னு கையப் புடிச்சுக்குவா, அந்தக் கைய எடுத்து வெச்சுட்டு போற நாளெல்லாம் ஓட்டத்துல மனசே ஒட்டாது. இப்ப அந்தப் பிரச்னை இல்ல, பூனை மாதிரி எந்திரிச்சு போயிடறேன்.

என்னைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், அப்பதான் இந்த ரிவ்யூ உங்களுக்கு ஒத்து வருமான்னு தெரியும். கோயம்புத்தூர்ல பேங்க்ல ஆபீசரா இருக்கேன், வயசு 43, இங்கயே ராமநாதபுரம் ஏரியாவுல வீடு, பொண்ணு பத்தாவது. ஏழு வருஷமா ஓடறேன், எடை குறைக்க ஆரம்பிச்சது, ஆனா மூணாவது வருஷத்துலயே போட்டி மேல ஆசை வந்துருச்சு, டிசம்பர்ல நம்ம கோயம்புத்தூர் மாரத்தான்ல அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடுவேன் (கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக 2013ல இருந்து நடத்தறாங்களே, அது), அப்புறம் மாஸ்டர்ஸ் மீட்டுல 5000 மீட்டர், அதாவது டிராக்குல பன்னெண்டரை ரவுண்டு. மாஸ்டர்ஸ்னா 35 வயசுக்கு மேல, அஞ்சஞ்சு வயசா பிரிச்சு ஓட விடுவாங்க, நான் 40-44 குரூப்பு. மெடல் வாங்கணும்ங்கற ஆசையோடதான் ஓடறேன், அதை மறைக்க எனக்கு எதுவும் இல்லைங்க.

வேலை எப்படின்னா, காலைல 9:40க்கு பிராஞ்சுல இருக்கணும், வீட்டுக்கு வர 7:30 ஆகும், ரிவ்யூ கால் இருந்தா 8:30. லோன் ஃபைல், நகைக்கடன், வராக்கடன் ஃபாலோ அப், ஆடிட்னா ரெண்டு வாரத்துக்கு மதிய சாப்பாடே 4 மணிக்குத்தான். இதுக்கு நடுவுல காலைல 4:45ல இருந்து 6 மணி வரைக்கும் இருக்கற நேரம் மட்டும்தான் எனக்கே எனக்குன்னு இருக்கற நேரம், அந்த ஒண்ணேகால் மணி நேரத்துலதான் வார்ம் அப், ஓட்டம், ஸ்ட்ரெச்சிங் எல்லாம் முடிச்சுட்டு ஸ்கூட்டி எடுத்துட்டு வந்து குக்கர் வெக்கணும்.

நான் ஏன் இந்த வாட்ச் வாங்கினேன்னு சொன்னா ஒரு வலிக் கதை சொல்லணும். 2022, 2023 ரெண்டு டிசம்பரும் அரை மாரத்தான் 1 மணி 57 நிமிஷம், 1:58ன்னு அங்கயே நின்னுருச்சு. நேரம் குறையலைன்னா என்ன பண்ணுவோம், இன்னும் கொஞ்சம் ஓடணும்னு தோணும், வாரத்துல ஆறு நாள் ஓடினேன், எல்லா நாளும் மூச்சு வாங்க ஓடினேன். 2024 மார்ச் கிளோசிங் முடிச்சு, ரெண்டு வாரமா தினமும் அஞ்சு மணி நேரத் தூக்கம், அந்தக் களைப்போட ஏப்ரல் 2ஆம் தேதி நேரு ஸ்டேடியத்துல 800 மீட்டர் ரிப்பீட் (வேகமா ஓடி, கொஞ்சம் இளைப்பாறி, திரும்பத் திரும்ப ஓடறது) போட்டேன், நாலாவது ரிப்பீட்ல வளைவு திரும்பறப்போ இடது கெண்டைக்கால்ல யாரோ கல்ல விட்டு எறிஞ்ச மாதிரி ஒரு அடி. அஞ்சு வாரம் ஓடல. பிராஞ்சுல மாடிப்படி ஏறவே கைப்பிடிய புடிச்சுட்டு ஏறினேன். எங்க கூட ரேஸ் கோர்ஸ் நடைபாதைல ஓட வர்ற ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் ஒருத்தர் இருக்காருங்க, எழுபதத் தாண்டினவரு, அவரு கேட்டது ஒரே கேள்விதான், "ஏன் அம்மணி, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கணக்கு எழுதிட்டு வந்தியே, அது உன்ற காலுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் செப்டம்பர்ல இந்த வாட்ச்ச வாங்கினேன்.

சரி வாட்ச்சுக்கு வர்றேன். ஃபோர்ரன்னர் 255 சீரிஸ் 2022 ஜூன்ல வந்தது. பெருசு 46 மில்லிமீட்டர், எஸ்னு போட்டது 41 மில்லிமீட்டர், எடை வெறும் 39 கிராம். என்ற மணிக்கட்டு சின்னது, பெருச கட்டிப் பாத்தா கடிகாரத்துக்கு கை மாட்டின மாதிரி இருந்துச்சு, அதனால எஸ். பெண்கள் நிறைய பேரு கடைல பெரிய திரைய பாத்து மயங்கி வாங்கிடறாங்க, அப்படி வாங்காதீங்க, ராத்திரி தூங்கறப்பவும் கட்டினாத்தான் இந்த வாட்ச்சால பிரயோஜனம், கனமா இருந்தா ரெண்டாவது நாளே கழட்டி வெச்சிருவீங்க.

டச் ஸ்கிரீன் கிடையாது, அஞ்சு பட்டன். ஷோரூம்ல இத கேட்டதும் எங்க வீட்டுக்காரருக்கே பிடிக்கல, ஃபோன் விலை குடுத்து பட்டன் வாட்ச்சான்னாரு. ஆனா நவம்பர் மழைல ஓடிப் பாருங்க, வேர்த்து ஊத்தற விரலோட டிராக்குல லேப் அழுத்திப் பாருங்க, மாவுக் கையோட அடுப்படில நின்னுட்டு டைமர் நிறுத்திப் பாருங்க, பட்டன் அருமை அப்பத்தான் தெரியும். திரை பழைய மாதிரி மங்கலாத்தான் இருக்கும், எம்ஐபி டிஸ்ப்ளேனு சொல்றாங்க, வெயில்ல போகப் போக தெளிவா தெரியும், இருட்டுல பட்டன அழுத்தினா லைட் எரியும். இந்தத் திரைனாலதான் சார்ஜும் நிக்குது, கம்பெனி சொல்ற கணக்கு 12 நாள், தினமும் ஒரு மணி நேரம் ஜிபிஎஸ் போட்டு ஓடற எனக்கு ஒரு வாரம் தாராளமா வருது. ஞாயித்துக்கிழமை லாங் ரன் முடிச்சு குளிக்கப் போறப்போ சொருகினா, தலை துவட்டி டிபன் சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஏறியிருக்கும். சார்ஜர் இதுக்குன்னே தனி, ஃபோன் வயர் பொருந்தாது, வெளியூர் மீட்டுக்கு போறப்போ பையில முதல்ல அத போடுங்க.

இதயத்துடிப்பு விஷயத்துல நான் கத்துக்கிட்டத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா வாங்கற பத்துல எட்டு பேரு இத சரி பண்ணாமயே ஓடிட்டிருக்காங்க. வாட்ச்ச முதல் நாள் கட்டினதும் அது 220ல இருந்து வயச கழிச்சு உச்சத் துடிப்புன்னு எடுத்துக்கும், எனக்கு அப்ப 42, கழிச்சா 178. அந்தக் கணக்கு ஊர் முழுக்க சராசரி, உங்க நெஞ்சுக்கு அது தெரியாது. 178 வெச்சே ஸோன் (துடிப்ப லேசுல இருந்து கடினம் வரைக்கும் அஞ்சு படியா பிரிக்கறது) பிரிச்சதால நான் என்ன ஓடினாலும் நாலு, அஞ்சுன்னே காட்டுச்சு. பி.டி. மாஸ்டர் சொல்லித்தான் நெஞ்சுல கட்டி துடிப்பு பாக்கற ஒரு செஸ்ட் ஸ்ட்ராப் வாங்கி கட்டிட்டு டிராக்குல 5000 மீட்டர் முழு மூச்சா ஓடினேன், கடைசி ரவுண்டுல 189 தொட்டுச்சு. அத செட்டிங்ஸ்ல மாத்தினதுக்கப்புறம்தான் ஸோனுக்கு ஒரு அர்த்தமே வந்தது. வந்த பின்னாடி பாத்தா உண்மை இன்னும் கசப்பா இருந்துச்சு, நான் "ஈஸி"ன்னு நினைச்சு கிலோமீட்டருக்கு 6:10ல ஓடிட்டிருந்த ஓட்டமெல்லாம் 158, 160 துடிப்புல இருந்துச்சு, அதாவது ஆறு நாளும் நான் ஈஸியா ஓடினதே இல்ல. அப்புறம் 145ஐ தாண்டக்கூடாதுன்னு ஒரு அலர்ட் வெச்சேன், தாண்டினா கை உதறும். முதல் மூணு வாரம் வெக்கமா இருந்துச்சுங்க, 7 நிமிஷத்துக்கு மேல ஒரு கிலோமீட்டர், நடைப்பயிற்சி வர்ற மாமியெல்லாம் திரும்பிப் பாத்தாங்க, ஆனா வீட்டுக்கு வந்து சமையல் பண்றப்போ கால் கனக்கல, மதியம் மூணு மணிக்கு கண்ண இழுக்கல, அந்த வித்தியாசம் ஒரே மாசத்துல தெரிஞ்சுது.

கைல இருந்து துடிப்பு எடுக்கறது எப்படின்னா, அடியில பச்சை லைட் மினுக்கி தோலுக்குக் கீழ ரத்தம் ஓடறத பாத்து கணக்குப் போடுது. எந்த பிராண்டா இருந்தாலும் சரி, பட்டை லூசா இருந்தா, வாட்ச் ஆடினா, துடிப்புக்கு பதிலா காலடி எண்ணிக்கைய எண்ண ஆரம்பிச்சிரும், நிமிஷத்துக்கு 170, 175 அடி வெக்கறோம் இல்ல, அதையே பல்ஸ்னு காட்டும். நான் இடது கைல வாட்ச்சோட ஒரு தங்க வளையலும் போட்டிருந்தேன், வளையல் வந்து வாட்ச்ச முட்டி முட்டி நகத்தியிருக்கு, வளையல வலது கைக்கு மாத்தி, வாட்ச்ச மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல ஏத்தி இறுக்கிக் கட்டினதும் சரியாயிருச்சு. வேகமா ஓடற நாளுக்கு செஸ்ட் ஸ்ட்ராப்தான் நம்பிக்கை, அது நெஞ்சுல இருந்து மின் துடிப்பையே நேரா புடிக்கறதால ஏமாறாது.

இப்ப முக்கியமான சமாச்சாரம். இந்த விலைக்கு நான் இத வாங்கினதுக்கு முழுக் காரணமும் இந்த ஹெச்ஆர்விதான், ஹார்ட் ரேட் வேரியபிலிட்டின்னு சொல்வாங்க. துடிப்பு 60னா ஒவ்வொரு செகண்டுக்கும் கரெக்டா ஒண்ணுன்னு அர்த்தம் இல்லைங்க, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளி மில்லி செகண்ட் கணக்குல கூடிக் குறையும், உடம்பு நிம்மதியா இருந்தா அந்த ஏத்த இறக்கம் நிறைய இருக்கும், டென்ஷன், காய்ச்சல், தூக்கமின்மை, அதிகப் பயிற்சி எதுவா இருந்தாலும் அது சுருங்கிரும். வாட்ச் ராத்திரி தூக்கத்துல இத அளந்து, மூணு வாரம் கட்டித் தூங்கின பின்னாடி உங்களுக்குன்னு ஒரு வரம்பு போட்டுத் தரும், அதுக்குள்ள இருந்தா பச்சை, வெளிய போனா ஆரஞ்சு, ரொம்பக் கீழ போனா சிவப்பு. ஒரு நாள் கணக்க வெச்சு எதுவும் சொல்லாது, ஏழு நாள் சராசரிதான் பேசும், அது நல்லது. என்ற வரம்பு 48ல இருந்து 60.

2025 மார்ச் 31, திங்கக்கிழமை. அன்னைக்கு ரம்ஜான், ஆனா அரசு வரவு செலவு பாக்கற பேங்க் எல்லாம் திறந்திருக்கணும்னு ரிசர்வ் பேங்க் முன்னாடியே சொல்லிருச்சு. எங்க கேஷியர் அண்ணா காலைல தொழுகைய முடிச்சுட்டு புதுச் சட்டையோட நேரா பிராஞ்சுக்கு வந்தாரு, அவருக்கு வாழ்த்து சொல்லிட்டு உக்காந்தவங்கதான் எல்லாரும். ராத்திரி 9:40 இருக்கும், ஷட்டர் பாதி இறக்கியாச்சு, என்ற டேபிள்ல டீ ஆடை கட்டிப் போய் ஆறிக் கிடக்குது, கேஷ்ல 2,000 ரூபா இடிக்குது. கேஷியர் அண்ணா 500 ரூபா கட்ட மூணாவது தடவையா எண்ணிட்டிருக்காரு, "மேடம் நீங்க உக்காருங்க, ஸ்லிப்ப நான் ஒண்ணொண்ணா பாக்கறேன்"னு சொல்றாரு, அவரு விரல் நுனில புதுச் சட்டையோட நூல் ஒண்ணு ஒட்டிட்டிருக்கறது கூட இன்னும் கண்ணுல நிக்குது. மணி பாக்க கைய திருப்பினேன், துடிப்பு 98னு காட்டுது. நாற்காலில உக்காந்திருக்கேன், அசையல, 98. ரேஸ் கோர்ஸ்ல வார்ம் அப்புக்கு வேகமா நடந்தாக்கூட எனக்கு 95தான் வரும். அப்படியே பாத்துட்டே இருந்தேன், பி.டி. மாஸ்டர் கேட்ட கேள்விக்கு பதில் அங்க இருந்துச்சு. நான் காலைல ஓடினது போக, பகல் முழுக்க நாற்காலிலயும் ஓடிட்டுத்தான் இருந்திருக்கேன், அந்த ஓட்டத்த எந்த டைரிலயும் எழுதினது இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு ஸ்லிப் கிடைச்சுது, 4,500 பணம் குடுத்துட்டு 2,500னு போஸ்ட் பண்ணியிருக்கோம். சரி பண்ணி டேலி ஆகி, எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டு, பைய எடுக்கறப்போ பாத்தேன், 76.

அன்னைக்கு வரைக்கும் ஒன்பது நாளா ஹெச்ஆர்வி ஆரஞ்சுலதான் இருந்துச்சு, சராசரி 43. அடுத்த நாள் செவ்வாக்கிழமை, அட்டவணைல 800 மீட்டர் ஆறு ரிப்பீட் எழுதியிருந்தேன், அதே டிராக், அதே வாரம், போன வருஷம் கால் போன அதே ஒர்க் அவுட். அலாரத்த அணைச்சேன். காலைல ஆறரைக்கு எந்திரிச்சேன், பொண்ணு வந்து "அம்மா உடம்பு சரியில்லையா"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா. அந்த வாரம் முழுக்க நாப்பது நிமிஷ மெதுவோட்டம் ரெண்டு நாள், அவ்வளவுதான். பத்து நாள்ல பச்சைக்கு வந்துச்சு, அப்புறம் வேகப் பயிற்சிய ஆரம்பிச்சேன். கால் பத்திரமா இருந்துச்சு.

வேலைக்கும் போயிட்டு போட்டிக்கும் ஓட முடியுமான்னு பிராஞ்சுல புதுசா சேந்த பசங்க கேப்பாங்க, அவங்ககிட்ட நான் 2018 பாஸ்டன் மாரத்தான் கதையத்தான் சொல்வேன். கொட்டற மழை, குளிர், எதிர்க்காத்து, பெரிய பெரிய வீரர்கள் பாதில நின்னுட்டாங்க, ஆண்கள்ல ஜெயிச்சது ஜப்பான்ல சைத்தாமா மாகாணத்துல ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை பாத்துட்டிருந்த யூகி கவாவுச்சி, 2:15:58. மதியத்துல இருந்து ராத்திரி வரைக்கும் வேலை, அதனால காலைலதான் அவருக்கு பயிற்சி, தொழில்முறை வீரர்கள் மாதிரி தினமும் ரெண்டு வேளை ஓட அவருக்கு நேரம் இல்ல. அதே ரேஸ்ல பெண்கள்ல ரெண்டாவதா வந்தது சாரா செல்லர்ஸ், ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுக்கற நர்ஸ், முழு நேர வேலை, அவங்களுக்கு அது வாழ்க்கைல ரெண்டாவது மாரத்தான். ஒரே நாள்ல, ஒரே மழைல, ரெண்டு உத்தியோகஸ்தங்க. கவாவுச்சி அடுத்த வருஷம் வேலைய விட்டுட்டு முழு நேர ஓட்டக்காரரா ஆனாரு, ஆனா ஜெயிச்சது வேலைல இருந்தப்போதான். எனக்கு இது வெறும் செய்தி இல்லைங்க, மனசு சோர்ந்த நாள்ல நினைச்சுக்கற விஷயம்.

சரி, தினசரி உபயோகத்துக்கு வர்றேன். போட்டித் தேதிய ஃபோன்ல இருக்கற கார்மின் ஆப்ல காலண்டர்ல போட்டுட்டா தினமும் ஒரு ஒர்க் அவுட் பரிந்துரைக்கும், தூக்கம் குறைஞ்சிருந்தா அத லேசாக்கி ஓய்வுன்னே சொல்லும். நான் அத அப்படியே பின்பத்தறது இல்ல, ஏன்னா அதுக்கு தூக்கம் தெரியும், துடிப்பு தெரியும், ஆனா நாளைக்கு ஆடிட்டர் வர்றாருன்னு தெரியாது, அது எனக்குத்தான் தெரியும். அதனால வாரத்த நானே போட்டுக்கறேன்: செவ்வாய் வேகம், வியாழன் நடுத்தரம், ஞாயிறு நீளம், நடுவுல ஒண்ணு ரெண்டு மெதுவோட்டம், மொத்தம் அஞ்சு நாளுக்கு மேல போறதில்ல. 2015ல இருந்து ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் லீவு, அந்த ரெண்டு வாரமும் நீள ஓட்டத்த சனிக்கிழமைக்கு கொண்டு வந்துட்டு ஞாயித்துக்கிழமை முழுசா தூங்கறேன், இந்த ஒரு மாத்தம் எனக்கு பண்ணின நல்லத எந்த ஷூவும் பண்ணல. திங்கக்கிழமை ஓட்டமே கிடையாது. காலைல எந்திரிச்சதும் மார்னிங் ரிப்போர்ட்னு தூக்கம், ஹெச்ஆர்வி, வானிலை எல்லாம் வரிசையா காட்டும், பல் தேய்க்கற நேரத்துல அத பாத்துட்டு இன்னைக்கு எழுதி வெச்சத ஓடலாமா குறைக்கலாமான்னு முடிவு பண்ணிக்குவேன். மாதவிடாய் நாள்களையும் ஆப்ல குறிச்சு வெக்கலாம், நான் ஆறு மாசம் குறிச்சு பாத்தப்போ எனக்கு அதுக்கு முந்தின மூணு நாள் துடிப்பு எப்பவும் கொஞ்சம் ஏறியே இருக்கறது தெரிஞ்சுது, அந்த நாள்ல வேகம் வரலைன்னு என்னையே திட்டிக்கறத நிறுத்திட்டேன்.

டிரெயினிங் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு வரும், அதுல சில வாரம் அன்ப்ரொடக்டிவ்னு, அதாவது பயிற்சிக்கு பலன் இல்லன்னு காட்டும். உழைச்சுட்டு வந்து அந்த வார்த்தைய பாத்தா யாருக்கும் மனசு நோகும். வெயில்ல, தூக்கமில்லாம ஓடினா துடிப்பு ஏறும், வேகம் குறையும், அதத்தான் அது அப்படிச் சொல்லுதுன்னு எடுத்துக்குங்க. எந்த வாட்ச்சும் சொல்ற ரேஸ் நேரக் கணிப்பையும் அப்படித்தான், அத வெச்சு ஆரம்ப வேகத்த முடிவு பண்ணாதீங்க, பத்து கிலோமீட்டர் ஒரு தடவ முழுசா ஓடிப் பாத்து அத நம்புங்க.

ஜிபிஎஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு அலைவரிசைல சிக்னல் எடுக்கறதால கட்டடம், மரம் இருக்கற எடத்துல கோடு அலையாது, ரேஸ் கோர்ஸ் ரவுண்டு சுமார் 2.5 கிலோமீட்டர், மரத்துக்கு அடியிலயே ஓடினாலும் கணக்கு ஒத்து வருது. டிராக்குல ஓடறப்போ மட்டும் டிராக் ரன்னுன்னு தனியா தேர்ந்தெடுத்து லேன் நம்பர் போடணும், முதல் சில ரவுண்டு சுத்தினதும் 400, 400னு கரெக்டா எண்ணும். சாதாரண ரன்ல போட்டுட்டு டிராக் கணக்கு தப்புன்னு நிறைய பேரு சொல்றாங்க, காரணம் இதுதான்.

விடியறதுக்கு முன்னாடி தனியா ஓடற பெண்களுக்கு ஒண்ணு சொல்லணும். லைவ் டிராக்னு இருக்கு, நான் எங்க ஓடறேன்னு எங்க வீட்டுக்காரரு ஃபோன்ல வரைபடமா தெரியும், ஆபத்துன்னா ஒரு பட்டன அழுத்திப் புடிச்சா அவருக்கு மெசேஜ் போகும். ஆனா இது ரெண்டுக்குமே உங்க ஃபோன் கூட இருக்கணும், வாட்ச் தனியா அனுப்பாது, அதனால இடுப்புல பௌச் கட்டி ஃபோன கொண்டு போறேன். பாட்டு வேணும்னா மியூசிக் மாடல் தனியா இருக்கு, நான் சாதா மாடல்தான் வாங்கினேன், 4:45 இருட்டுல காது திறந்திருக்கணும், நாய் வர்ற சத்தமும் வண்டி வர்ற சத்தமும் கேக்கணும்.

வாங்கறப்போ ஒரு எச்சரிக்கை, நான் வாங்கின கடைல பில்லுல சீரியல் நம்பர் போடாம குடுத்துட்டாங்க, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கவனிச்சேன், மூணு தடவ அலைஞ்சு மாத்தி வாங்கினேன், ரெண்டு நாள் அதுக்காக பர்மிஷன் போட்டேன். வாரண்டிக்கு அந்த பில்தான் கேப்பாங்க, கவுன்ட்டர்லயே நின்னு சரி பாத்துட்டு வாங்க.

இப்ப வாங்கறவங்க 255தான் வாங்கணும்னு நான் சொல்லல, பழைய மாடலாயிருச்சு. 2023 மார்ச்சுல 265 வந்துச்சு, பளிச்சுன்னு அமோலெட் திரை, இன்னைக்கு உடம்பு எவ்வளவு தயார்னு ஒரே நம்பர்ல சொல்ற டிரெயினிங் ரெடினஸும் அதுல இருக்கு, 255ல அது கிடையாது, நாமளே தூக்கத்தையும் ஹெச்ஆர்வியையும் சேத்துப் பாத்து முடிவு பண்ணிக்கணும். 2024ல வந்த 165 விலை குறைவு, ஹெச்ஆர்வி உண்டு, ரெட்டை அலைவரிசை ஜிபிஎஸ் இல்ல, வேலைக்குப் போறவங்களுக்கு என் கணக்குல அதுவே போதும். 55 மட்டும் இந்த விஷயத்துக்கு உதவாது, அதுல ஹெச்ஆர்வி ஸ்டேட்டஸ் இல்ல. 2025 மே மாசம் 570 வந்துச்சு, விலை ரொம்ப எட்டத்துல இருக்கு, எனக்கு மாத்தணும்னு தோணல. ஆப்ல மாசக் கட்டணத்துக்கு கனெக்ட் பிளஸ்னு 2025ல கொண்டு வந்தாங்க, நான் கட்டல, மேல சொன்னதெல்லாம் இலவசத்துலயே வருது.

என்ன கிடைச்சுதுன்னா, அரை மாரத்தான் 2024 டிசம்பர்ல 1:55, 2025 டிசம்பர்ல 1:51:20. மாஸ்டர்ஸ் மீட்ல 5000 மீட்டர் 25:40ல இருந்து 24:22க்கு வந்துச்சு, 40-44ல மூணாவது இடம், மெடல் பூஜை ரூம்ல அம்மா படத்துக்கு பக்கத்துல தொங்குது. ஆறு நாள் ஓடினப்போ வராத நேரம் அஞ்சு நாள்ல வந்துச்சு.

இத எழுதற இப்பவும் மார்ச் மாசம்தான், பிராஞ்சுல அதே ஓட்டம், நேத்து ராத்திரி 9:15க்கு வீடு. இந்த மாசம் நான் எந்தப் போட்டிக்கும் பேரு குடுக்கல, செவ்வாய் வேகப் பயிற்சிய எடுத்துட்டேன், மூணு நாள் மட்டும் மெதுவா. இன்னைக்கு காலைல ஹெச்ஆர்வி 51, பச்சை. ஏப்ரல் பதினஞ்சுக்கு மேல டிராக்குக்கு போறேன்.